சியெனாவிலிருந்து மொந்தேபுல்சானோவுக்கு லாரித் தொல்லை இல்லாமல் சைக்கிளில் செல்ல முடியுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், வாரம் ஐம்பது கிலோமீட்டர் வரை சைக்கிள் ஓட்டுகிறோம். வரும் மே மாதம் இத்தாலியின் தொஸ்கானாவில் சியெனாவிலிருந்து பியென்சா வழியாக மொந்தேபுல்சானோ வரை ஐந்து நாள் ஓட்டத் திட்டம். முகவர் அனுப்பிய வரைபடத்தில் புவோன்கொன்வென்தோ வரையிலும் அதற்கு அப்பாலும் 'காஸியா' என்ற சாலையே வருகிறது. அது அமைதியான பழைய ரோமானியச் சாலை என்கிறார். நம்பலாமா? முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்.

பதில்: நம்ப வேண்டாம். காஸியா ரோமானியர் காலத்துச் சாலைதான் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் இன்று சியெனாவிலிருந்து தெற்கே செல்வது லாரியும் பேருந்தும் அவசரக்காரர்களின் காரும் ஓடும் நெடுஞ்சாலை. சைக்கிளுக்கு அங்கே தடை இல்லை என்பதாலேயே முகவர்கள் அதை வரைபடத்தில் இழுத்துவிடுகிறார்கள். கார் ஓட்டிகளுக்கான செயலியில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் வரும் கோட்டுக்கு நீங்கள் கட்டணம் கட்டத் தேவையில்லை.

உங்களுக்கான வழி சற்றுக் கிழக்கே இருக்கிறது. சியெனாவிலிருந்து தவெர்னே தார்பியா வரையிலான முதல் சில கிலோமீட்டர் நகர்ப்புறப் போக்குவரத்துதான். காலை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுங்கள். அதன்பின் லவ்ரெத்தானா எனப்படும் மாகாணச் சாலை, 'கிரேத்தே செனேசி' என்னும் களிமண் குன்றுகளின் முகட்டிலேயே ஏறி இறங்கி அஷானோ ஊருக்குக் கொண்டுசேர்க்கும். மே மாதத்தில் இருபுறமும் பச்சைக் கோதுமை. நிழல் மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிள் கூட்டம் வரும், எனவே வார நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

மறுநாள் அஷானோவிலிருந்து கியுசூரே என்ற மேட்டு ஊருக்கு ஏறினால், சற்றுக் கீழே மொந்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடாலயம் இருக்கிறது. 1313இல் பெர்னார்தோ தொலோமேய் நிறுவியது. உள்முற்றத்தின் சுவர்களில் புனித பெனடிக்டின் வாழ்க்கையை சிஞ்ஞோரெல்லியும் சோதோமாவும் தீட்டியிருக்கிறார்கள். இங்கிருந்து மேற்கே இறங்கினால் புவோன்கொன்வென்தோ, மறுபடியும் முகவரின் காஸியாதான். நீங்கள் இறங்காதீர்கள். மடாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, சான் ஜொவான்னி தஸ்ஸோ வழியாகத் தொர்ரெனியேரிக்குச் செல்லுங்கள். எல்லாம் தார்ச் சாலை. ஏற்றம் உண்டு, லாரி அரிது.

இனி ஒரு விதிவிலக்கை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். காஸியா முழுவதையும் தவிர்க்கச் சொன்னேன். ஆனால் தொர்ரெனியேரிக்கும் சான் குயிரிக்கோ தோர்ச்சாவுக்கும் இடையில் காஸியாவில்தான் நீங்கள் ஓட்ட வேண்டும். அது பழைய காஸியா. நெடுஞ்சாலையை வேறு தடத்தில் புதிதாக அமைத்தபின், பழைய தடம் தார் மேற்பரப்புடன் அப்படியே விடப்பட்டது. இன்று அதில் உள்ளூர்க்காரர்களின் கார்களும், ரோம் நோக்கி நடக்கும் யாத்திரிகர்களுமே அதிகம். கான்டர்பரி பேராயர் சிகெரிக் 990 வாக்கில் ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது தங்கிய இடங்களைக் குறித்துவைத்த பிரான்சிஜேனா யாத்திரை வழியின் ஒரு பகுதி இது. ஆபத்து எங்கே என்றால், பழையது, புதியது இரண்டுக்கும் பெயர் ஒன்றே, இரண்டும் போய்ச்சேரும் ஊரும் ஒன்றே. வழிகாட்டிப் பலகையில் 'சான் குயிரிக்கோ' என்று இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். தொர்ரெனியேரி ஊருக்குள் புகுந்து, யாத்திரிகர் வழியின் அடையாளங்களைப் பின்பற்றி மறுபுறம் வெளியேறுங்கள். லாரி ஒன்று உங்களை உரசிக்கொண்டு போனால் தவறான காஸியாவில் இருக்கிறீர்கள், திரும்பிவிடுங்கள்.

சான் குயிரிக்கோவிலிருந்து பியென்சா வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் சுற்றுலாப் பேருந்துகள் ஓடும் சாலை. தார்ச் சாலையில்தான் செல்வேன் என்றால் தப்ப வழியில்லை. காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாம் பியுஸ் போப்பாண்டவர் தாம் பிறந்த சிற்றூரைக் கட்டடக் கலைஞர் ரொஸ்ஸெல்லினோவைக் கொண்டு 1459 முதல் மாற்றிக் கட்டிய நகரம் பியென்சா. அங்கிருந்து மொந்தேபுல்சானோவுக்கு நேர்சாலையில் போகாமல் மொந்திக்கியெல்லோ வழியாகச் சுற்றிப் போங்கள்.

அடுத்து 'வெள்ளைச் சாலை' வியாபாரம். தார் போடாத இந்தச் சரளைச் சாலைகளைக் காப்பாற்ற 1997இல் தொடங்கிய 'எரோய்க்கா' என்ற பழங்காலச் சைக்கிள்களின் ஓட்டமும், 2007 முதல் நடக்கும் தொழில்முறைப் பந்தயமும் அவற்றுக்குப் பெரும்புகழ் சேர்த்துவிட்டன. அதைக் காட்டி 'எரோய்க்கா பாதை அனுமதி' என்று ஒரு தொகையைச் சேர்த்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 209 கிலோமீட்டர் நிரந்தரப் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பொதுச்சாலை. யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு காசும் கட்ட வேண்டாம். உங்கள் பட்டியலில் 'மொந்தே சான்தே மரியே' என்ற பெயர் இருந்தால் அடித்துவிடுங்கள்: அது பதினொன்றரை கிலோமீட்டர் செங்குத்தான சரளை, பந்தய வீரர்களே திணறும் இடம். மழை பெய்த மறுநாள் களிமண் குன்றுகளின் எந்த மண்சாலைக்கும் போகாதீர்கள். அந்த வெளிறிய சேறு டயருக்கும் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கும் நடுவே அப்பிக்கொண்டு இறுகி, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும்.

சைக்கிளைச் சியெனாவிலேயே கடையில் நேரில் பார்த்து வாடகைக்கு எடுங்கள்; முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மெல்லிய டயர் போட்ட கார்பன் வண்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். குறைந்தது 32 மில்லிமீட்டர் டயரும் ஏற்றத்துக்காக மிதிகட்டைப் பக்கம் சிறிய பற்சக்கரமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நல்லது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சாலை விதித் திருத்தம், சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்கிறது. கூடவே 'சாலையின் நிலைமை இடங்கொடுத்தால்' என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது. குறுகிய சாலையில்தானே விலகல் தேவை? ரோமில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் யாரும் இந்தச் சாலைகளில் மிதித்திருக்க மாட்டார்கள். இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஒளிபிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம் என்பது மட்டும் தெளிவான விதி, இரண்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்தில் கடைசிப் பொறி. மொந்தேபுல்சானோ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு; அது குன்றின்மேல் இருக்கும் ஊரைவிட்டு வெகுதூரம் சமவெளியில் இருக்கிறது, ரயில்களும் குறைவு. நேராகக் கியூசி நிலையத்துக்கு இறங்குங்கள். புளோரன்சுக்கும் ரோமுக்கும் பிராந்திய ரயில்கள் அங்கிருந்து கிடைக்கும். கால அட்டவணையில் சைக்கிள் படம் போட்ட ரயிலில் மட்டுமே ஏற்றுங்கள், சைக்கிளுக்குத் தனிச்சீட்டும் எடுங்கள். ரயிலுக்குப் பதிலாக விடப்படும் பேருந்தில் சைக்கிளுக்கு இடமிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வேலைநிறுத்தம் அங்கே மழையைப் போல வந்துபோகும்; வார நாளானால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதியளிக்கப்பட்ட பிராந்திய ரயில்கள் ஓடும், அந்த நேரத்துக்குள் கியூசியில் இருக்கும்படி புறப்படுங்கள். விமானத்துக்கு முந்தைய நாளே பெருநகரம் சேர்ந்துவிடுங்கள்.