பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ ஸ்பெயினின் பார்சிலோனா அணியில் ஆடியது ஒன்றரை சீசன்தான். பிறகு ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

அந்த முதல் சீசனே போதும் என்பதால்தான். பிரேசிலின் வாஸ்கோட கமா அணியில் வளர்ந்து, 1988-ல் நெதர்லாந்தின் பிஎஸ்வி அணிக்குப் போய், அங்கே மூன்று முறை லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஆனார். 1993-ல் பார்சிலோனாவின் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப் அவரை பார்சிலோனாவுக்கு அழைத்து வந்தார். முதல் லீக் ஆட்டத்திலேயே ரியல் சொசியடாடுக்கு எதிராக ஹாட்ரிக். 1993-94 லீக்கில் 33 ஆட்டங்களில் 30 கோல்!

8 ஜனவரி 1994, ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வென்ற ஆட்டத்தின் முதல் கோலைக் கட்டாயம் பாருங்கள். சக வீரர் கார்டியோலாவின் பாஸ் வரும்போது ரொமாரியோ கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார், பின்னால் மாட்ரிட்டின் தடுப்பாட்டக்காரர் அல்கோர்டா. வலது காலால் பந்தை ஒரே இழுப்பில் அரைவட்டமாகச் சுழற்றித் திரும்புகிறார். பந்து காலை விட்டு விலகவே இல்லை. அல்கோர்டா திரும்புவதற்குள் பந்து வலைக்குள். குள்ளமான உடல், தாழ்ந்த ஈர்ப்பு மையம், ஓடாமல் நின்ற இடத்திலிருந்து வரும் வேகம். அவர் ஆட்டத்தின் சாரமே இதுதான்.

அப்போது ஓர் ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் ஆடலாம். கூமன், ஸ்டோய்ச்கோவ், லாட்ரப், ரொமாரியோ என நால்வர் இருந்ததால் யாராவது ஒருவர் வெளியே உட்கார வேண்டும். அந்த நெருக்கடியிலும் ரொமாரியோவின் இடம் பெரும்பாலும் உறுதி.

1994 உலகக் கோப்பையில் 5 கோல், தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது. அதன்பின் பார்சிலோனாவுக்குத் தாமதமாகத் திரும்பினார், க்ரைஃபுடன் உறவு கசந்தது, 1995 ஜனவரியில் பிரேசிலின் ஃபிளமெங்கோ அணிக்குப் போய்விட்டார். பின்னர் ஸ்பெயினின் வலென்சியா அணியில் ஆடியபோது அந்தப் பழைய ரொமாரியோவைப் பார்க்க முடியவில்லை.