ஹேண்ட் கன்ட்ரோல் சரியில்லை, யாரைக் கேட்பது?

கேள்வி: போலியோவால் எனக்கு இரண்டு கால்களிலும் பலமில்லை. ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை லீஸுக்கு எடுத்து, புதுச்சேரியில் ஹேண்ட் கன்ட்ரோல் (பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்கும் லீவர்) பொருத்தினேன். பிரேக்குக்காக லீவரை முழுசாகத் தள்ளினால் டேஷ்போர்டில் இடிக்கிறது. கையை எடுத்த பிறகும் ஆக்சிலேட்டர் உடனே தணிவதில்லை. பொருத்தியவர் ‘ஓட்ட ஓட்டப் பழகிடும்’ என்கிறார். லீஸ் நிறுவனமோ ‘அது எங்கள் வேலை இல்லை’ என்கிறது.
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இது பழகிக்கொள்ளும் கோளாறு இல்லை. சரியாகும்வரை தயவுசெய்து அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே சோதிக்கலாம். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பெடலின் தண்டும் லீவர் கம்பியின் கிளாம்ப்பும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கியர் ‘பி’யில், இன்ஜின் அணைந்திருக்க, லீவரை இருபது முறை பலமாகத் தள்ளுங்கள். பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். அப்போது கோடு விலகியிருந்தால் கிளாம்ப் நழுவுகிறது என்று அர்த்தம். பிறகு லீவரைத் தள்ளிப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழிறங்கும். அந்த நிலையிலும் லீவருக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இடைவெளி மிஞ்ச வேண்டும். இடித்தால், பெரும்பாலும் கம்பியின் நீளத்தைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். முனை மரையைத் திருகி நீட்டி, லாக் நட்டை இறுக்க வேண்டும். ஸ்டீரிங்கை ஏற்றி இறக்கினாலும் இந்த அளவு மாறும். நீங்கள் ஓட்டும் சீட், ஸ்டீரிங் நிலையில் உங்களை உட்காரவைத்தே அளக்கச் சொல்லுங்கள்.

ஆக்சிலேட்டர் தணியாததற்கு இணைப்பு கோணலாக இறுகியிருப்பதோ, லீவரின் எடையே பெடலை அமுக்குவதோ, ஃப்ளோர் மேட் தடுப்பதோ காரணமாகலாம். கையை விட்டதும் லீவர் தானாகத் திரும்பியே ஆக வேண்டும். லீவரைத் தாங்கும் பிராக்கெட் முழங்கால் ஏர்பேக்கை மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். நம் கடலோர உப்புக்காற்றில் சாதா போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ளதையோ ஸ்டெயின்லெஸ்ஸையோ போடச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைகளை வீடியோ எடுத்து, பொருத்தியவர், லீஸ் நிறுவனம் இருவருக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்புங்கள். பதிலுக்கு 15 நாள் கெடு போதும். ஹேண்ட் கன்ட்ரோல் கிட்டுக்கு, புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் சான்று இருக்கிறதா என்று அதிலேயே கேளுங்கள். ஆர்.சி.யில் உரிமையாளர் லீஸ் நிறுவனம் என்றால், மாற்றத்துக்கு அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி மாற்றத்தை 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல் வரும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடையை லீஸ் நிறுவனமே ஏற்பாடு செய்திருந்தால் அவர்களையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். திரும்பப் பொருத்தித் தரும்போது, மேலே சொன்ன சோதனைகளை நீங்களே செய்து பார்க்காமல் ‘திருப்தி’ என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.