மெயின்ஃப்ரேம் லினக்ஸில் புது லன் தெரியவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்டோரேஜ் டீம் லன் (ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கித் தரும் டிஸ்க்) கொடுத்துவிட்டார்கள். ஐபிஎம் இசட் லினக்ஸில் ஒன்றும் வரவில்லை. ரீபூட் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு படியாகப் பாருங்கள். முதலில் எஃப்சிபி சாதனம் (ஸ்டோரேஜோடு இணைக்கும் ஃபைபர் சேனல் சாதனம்), 0.0.1900 என்று வைத்துக்கொள்வோம், ஆன்லைனில் இருக்கிறதா? சாதனமே பட்டியலில் இல்லையென்றால் சிஐஓ இக்னோரில் (லினக்ஸ் கண்டுகொள்ளக் கூடாத சாதனங்களின் பட்டியல்) மாட்டியிருக்கலாம். ரெட்ஹாட் நிறுவல்களில் இது சகஜம். அதிலிருந்து விடுவித்து ஆன்லைன் செய்யுங்கள். அடுத்து, ஸ்டோரேஜின் டபிள்யூடபிள்யூபிஎன் (ஃபைபர் சேனல் போர்ட்டின் அடையாள எண்) தெரிகிறதா? தெரியாவிட்டால் ஸ்விட்ச்சில் ஜோனிங்கை, அதாவது எந்தப் போர்ட் எதோடு பேசலாம் என்ற அமைப்பை, பார்க்கச் சொல்லுங்கள். அது தெரிந்து லன் மட்டும் வரவில்லையென்றால் லன் மாஸ்கிங்கை, அதாவது எந்த லன் யாருக்குத் தெரியலாம் என்று ஸ்டோரேஜில் வைத்த அனுமதியை, பார்க்கச் சொல்லுங்கள்.

ஜோனிங் சரி என்று ஸ்விட்ச் பார்ப்பவர்கள் அடித்துச் சொன்னால் உங்கள் எஃப்சிபி சாதனத்தின் போர்ட் நேமையும் பெர்மனன்ட் போர்ட் நேமையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்பிஐவி (ஒரே சேனலில் ஒவ்வொரு எஃப்சிபி சாதனத்துக்கும் தனி டபிள்யூடபிள்யூபிஎன் தரும் வசதி) இருந்தால் இரண்டும் வேறு. ஜோனிங் முதலாவதற்குத்தான் வேண்டும். பலர் இரண்டாவதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: மெயின்ஃப்ரேமின் இன்னொரு இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் புது டிஸ்க் சேர்ப்பது எப்படி?

பதில்: அது ஃபைகான் (இசட்/ஓஎஸ் டிஸ்க்குகளுக்கான சேனல் இணைப்பு), ஹெச்சிடி (சாதன அமைப்பை வரையறுக்கும் கருவி) சமாச்சாரம். 2010-இல் இசட்/ஓஎஸ் 1.12-உடன் வந்த, புது டிஸ்க்கைக் கண்டுபிடித்து அமைக்க உதவும் இசட்டாக் வசதியைப் பற்றி உங்கள் ஹெச்சிடி ஆளிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்களிடம் என்பிஐவி இல்லை. லன்களைத் தானே தேடிச் சேர்க்கும் ஆட்டோ ஸ்கேன் ஏன் வேலை செய்யவில்லை? ஒவ்வொரு லன்னையும் கையால் சேர்ப்பது இந்தக் காலத்தில் தேவையா?

பதில்: என்பிஐவி இல்லாமல் அது வேலை செய்யாது. ஒரே சேனலைப் பகிரும் எல்பார்கள் (ஒரே மெயின்ஃப்ரேமைப் பிரித்த தனித்தனிப் பகுதிகள்) எல்லாவற்றுக்கும் அப்போது ஒரே டபிள்யூடபிள்யூபிஎன்தான். ஸ்கேன் செய்தால் பக்கத்து எல்பாரின் டிஸ்க்கும் உங்களிடம் வந்து உட்காரும்.

கேள்வி (அதே நண்பர்): வந்தால் என்ன? தொடாமல் விட்டால் போதாதா?

பதில்: போதாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எஸ்டிஎஃப் (லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்) புதிது என்று நம்பி ஒருவர் எம்கேஎஃப்எஸ் அடித்து அதை ஃபார்மட் செய்தார். அது இன்னொரு எல்பாரில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் டிஸ்க். அன்று ராத்திரி முழுக்க ரீஸ்டோர். எஸ்டி எழுத்தை நம்பாதீர்கள். லன்னின் நிலையான அடையாளமான டபிள்யூடபிள்யூஐடியை ஸ்டோரேஜ் டீம் தந்ததோடு ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள். என்பிஐவி போட முடிந்தால் போடுங்கள், ஆட்டோ ஸ்கேனும் கிடைக்கும். ஆனால் டபிள்யூடபிள்யூபிஎன் மாறும். ஜோனிங், மாஸ்கிங் இரண்டையும் முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

கேள்வி: ஒரு லன் கேட்டேன், நாலு டிஸ்க் வந்திருக்கிறது?

பதில்: ஒரே லன்னுக்கு நாலு பாதை. அவற்றை ஒன்றாகக் காட்டும் மல்டிபாத் பெயரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: லன் தெரியவில்லை, ரீபூட் செய்யலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டபிள்யூடபிள்யூஐடியையும் பாருங்கள்.

கேள்வி: கையால் சேர்த்த லன் ரீபூட்டுக்குப் பின் காணோம்.

பதில்: சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளைக் காட்டும் தற்காலிகக் கோப்பமைப்பு) எழுதியது நிலைக்காது. சாதன அமைப்பை நிலையாகச் சேமிக்கும் சிஎச்இசட்டெவ் கட்டளை கொண்டு சேருங்கள். ரூட் டிஸ்க்கின் பாதை என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்பமைப்பு) புதுப்பித்து, பூட் பதிவை எழுதும் இசட்ஐபிஎல்லும் ஓட்டிவிடுங்கள்.