பனிமலை உச்சியில் எழும் நீராவி

கேள்வி: அலாஸ்காவில் பனி மூடிய எரிமலையின் உச்சியிலிருந்து வெண்புகை எழும் படத்தைப் பார்த்தேன். புகை தெரிந்தால் அந்த மலை வெடிக்கப்போகிறது என்று பொருளா? அத்தனை சூட்டில் பனி எப்படி நிலைக்கிறது?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: அப்படிப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் கண்டது பெரும்பாலும் புகையன்று, நீராவி. பனி உருகிக் கசிந்து இறங்கும் நீர், சூடான பாறையைத் தொட்டு ஆவியாகி, பாறைப் பிளவுகளின் வழியே மேலேறுகிறது. வெளியே கடுங்குளிர்க் காற்றில் பட்டதும் அது நுண்துளிகளாகி வெண்ணிறம் கொள்கிறது. ஆகவே காற்று அசையாத குளிர்ந்த நாளில், வழக்கமான அளவு ஆவிகூடப் பெருந்தூணாக நிமிர்ந்து நிற்கும். அலாஸ்காவில் 4,317 மீட்டர் உயரமுள்ள ராங்கல் எரிமலையில் இது அடிக்கடி காணும் காட்சி.

சூடு மலை முழுவதும் பரவி வருவதில்லை. துளைகளையும் பிளவுகளையும் ஒட்டிய இடங்களில் மட்டுமே பனி உருகுகிறது. மற்ற இடங்களில் உருகுவதைவிடப் பொழிவது மிகுதி. வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையின் உச்சிப் பள்ளத்தில், ஆவி பனிக்கடியில் குகைகளைக் குடைந்திருக்கிறது. 1870-இல் அம்மலையேறிய ஹசார்ட் ஸ்டீவன்ஸும் பிலமோன் வான் டிரம்ப்பும் இருட்டிவிட்டதால் அப்படியொரு குகையில் ஒதுங்கினார்கள். உடலின் ஒரு பக்கம் கந்தக ஆவியில் வெந்து நனைய, மறுபக்கம் குளிரில் விறைக்க, அந்த ஆவியின் தயவில்தான் உயிரோடு விடியலைக் கண்டார்கள்.

அப்படியானால் எதைக் கண்டு அஞ்ச வேண்டும்? ஆவி இருப்பதைக் கண்டல்ல, மலையின் வழக்கம் மாறுவதைக் கண்டுதான். 2008-இல் அலாஸ்காவின் ரிடௌட் எரிமலையில் பனியாற்றின் மேல் புதிய உருகுகுழிகள் தோன்றின. அழுகிய முட்டை போன்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம் வீசியது. கார்பன் டை ஆக்சைடும் கூடியது. மாக்மாவிலிருந்து, அதாவது நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பிலிருந்து, பிரியும் கந்தக டை ஆக்சைடு நிலத்தடி நீரிலேயே பெரிதும் கரைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அவ்வளவாகக் கரையாது என்பதால், அடியில் மாக்மா அசைவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். 2009 மார்ச்சில் மலை வெடித்தது. உருகிய பனி சேற்று வெள்ளமாக டிரிஃப்ட் ஆற்றில் இறங்கியது. ஆனால் அதே வட்டாரத்து ஸ்பர் எரிமலையில் 2004-இல் உச்சிப்பனி குழிந்து இறங்கி உள்ளே ஒரு குட்டை உண்டானது. நில அதிர்வுகளும் பெருகின. 2006-க்குள் அம்மலை வெடிக்காமலே அடங்கிற்று. எனவே படம் ஒன்றை மட்டும் வைத்து ஊரைப் பதறவைப்பது சரியன்று. அதிர்வு, வாயு, வெப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த எரிமலை ஆய்வாளரும் கருத்துச் சொல்வார்.

ஆளில்லாக் காட்டு மலைதானே என்று விட்டுவிடவும் கூடாது. 1989 டிசம்பர் 15 அன்று ரிடௌட் கக்கிய சாம்பல் மேகத்துள் புகுந்த ஒரு போயிங் 747 விமானத்தின் நான்கு எந்திரங்களும் நின்றுபோயின. நான்கு கிலோமீட்டருக்கும் மேல் கீழிறங்கிய பிறகே விமானிகளால் அவற்றை மீண்டும் இயக்கி ஆங்கரேஜில் பத்திரமாகத் தரையிறக்க முடிந்தது.