பெரிய சாமான் வாங்கும் முன்: மண் பாதை வண்டிகள் கேள்வி பதில்

மண் பாதையிலும், டர்ட் டிராக் என்ற மண் பந்தயத் தடத்திலும் ஓடும் பைக்குகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே புலம்பல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: விலை கூடிய சாமானை மாற்றியாயிற்று, கோளாறு மட்டும் போகவில்லை. அதனால் புஷ், சீல், ரப்பர், வாஷர் என்று பில்லின் கடைசி வரியில் வரும் சாமான்களுக்கே இந்த இதழை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என் எக்ஸ்பல்ஸ் 200-க்கு செயினும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரங்களும் சேர்ந்த செயின் செட் புதிதாகப் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் செயின் தொங்குகிறது, பின் ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. மறுபடியும் செட்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
- வாசகர், சத்தியமங்கலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நாலு மாதத்தில் ஒரு செட் போகிறது என்றால் அதைத் தின்றது வேறு ஏதோ. அது யார் என்று பார்க்காமல் இன்னொரு செட் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

முதலில் செயின் உண்மையிலேயே நீண்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். செயின் தகட்டில் 428 என்று அடித்திருந்தால் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளத்தை, முதல் கண்ணியைக் கோக்கும் ஆணியின் நடுவிலிருந்து கடைசி ஆணியின் நடு வரை, அளந்தால் புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் வரும். 259-ஐத் தொட்டுவிட்டால் அது ஓய்ந்த செயின். நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும், செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராக நீளாது.

அடுத்தது, பல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. செயின் கோணலாக ஓடுகிறது. பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங்ஆர்மில் செதுக்கியிருக்கும் கோடுகளை மட்டும் நம்பி சக்கரத்தை வைக்காதீர்கள். ஸ்விங்ஆர்ம் ஆடும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து சமமாக்குங்கள். அது சமமாக இருந்தும் பல் ஒரு பக்கம் தேய்கிறது என்றால் ஏதோ ஒன்று ஆட்டம் கொடுக்கிறது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னுமாக இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்றால் ஸ்ப்ராக்கெட் உட்காரும் டிரம்மின் பேரிங் போயிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்விங்ஆர்மையே பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அது ஆடும் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. இந்த இரண்டும் செயின் செட் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் மண்ணும் தண்ணீரும் முதலில் பதம் பார்ப்பது இவற்றைத்தான்.

சக்கரம் கையில் இருக்கும்போதே டிரம்முக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். நல்ல ரப்பர் என்றால் டிரம்மை அழுத்தித்தான் உட்கார வைக்க முடியும். கையில் எடுத்ததும் தானாகக் கழன்று வந்தால் அது ஓய்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் அந்த அடி நேராகச் செயினுக்குப் போகும். சைக்கிள் டியூபை வெட்டி இடைவெளியில் செருகுவது நம் ஊர் வழக்கம். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது போதும். அதோடு மேட்டில் ஏறிக் குதித்து இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, ஸ்விங்ஆர்மின் முன்பக்கம் செயின் உரசாமல் இருக்கப் போட்டிருக்கும் ஸ்லைடர். அழுக்கைத் துடைத்துவிட்டு விரலை அதன் மேல் ஓட்டுங்கள். நகம் புதையும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் மாற்றும் நேரம் வந்தாயிற்று. பள்ளத்தின் அடியில் உலோகம் மின்னினால் செயின் ஏற்கெனவே ஸ்விங்ஆர்மை அறுக்கத் தொடங்கிவிட்டது, அன்றைக்கே மாற்றுங்கள்.

கடைசியாகச் செயின் இறுக்கம். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் தொங்குவது தப்பில்லை, தொங்கத்தான் வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இறுகும். பாரம் கட்டும் பெல்ட்டால் பின்பக்கத்தை அமுக்கிக் கட்டியோ, கூட்டாளிகளை ஏறி உட்கார வைத்தோ அந்த நிலைக்குக் கொண்டு வந்து பாருங்கள். அப்போதும் விரலால் தூக்கினால் செயின் கொஞ்சம் அசைய வேண்டும். அசையாத செயின் ஒவ்வொரு குழியிலும் கியர்பாக்ஸ் ஷாஃப்டை இழுக்கும். பிறகு அந்த ஷாஃப்டின் சீலும் பேரிங்கும் போகும், இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். தொங்குகிறதே என்று தினமும் இறுக்கிக்கொண்டு போகிறீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். இறுக்குவதாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: ஐயா, 2017-இல் வாங்கிய ஹிமாலயன் பைக். பின்பக்கம் கிறீச் கிறீச் என்று சத்தம், சின்னக் குழியில்கூட ஒரு தட்டு தட்டுகிறது. பின்பக்கத்து ஒற்றை ஷாக் அப்சார்பரான மோனோஷாக் போய்விட்டது என்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஷாக் போயிருந்தால் அதன் கம்பியில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கும், உட்கார்ந்து எழுந்தால் வண்டி ஊஞ்சலாடும். இரண்டும் இல்லையென்றால் அதன் மேல் பழி போடாதீர்கள். உங்கள் வண்டியில் ஷாக்குக்கும் ஸ்விங்ஆர்முக்கும் இடையில் லிங்கேஜ் என்ற மூட்டு இணைப்பு இருக்கிறது. சக்கரம் 180 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டுகள் அத்தனையும் திரும்ப வேண்டும். சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராகப் போய் விழும் இடமும் அதுதான்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் டயரை அடியில் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். ஷாக் அமுங்கத் தொடங்கும் முன்பே ஒரு 'டக்' கையில் தெரிந்தால் லிங்கேஜில் ஆட்டம் இருக்கிறது. கழற்றினால், மூட்டுப் போல்ட் நுழையும் உலோகக் குழாயான காலரின் மேல் வரிவரியாகத் தழும்பும் காய்ந்த பழுப்புப் பொடியும் இருக்கும். ஒரு காலத்தில் கிரீஸாக இருந்தது அந்தப் பொடி.

காலர், அதற்கான பேரிங் அல்லது புஷ், இருபக்க டஸ்ட் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தழும்பு விழுந்த காலரில் புதுப் பேரிங் போட்டால் அதையும் கெடுத்துவிடும். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். நீளமான மரை ராடு, இரண்டு நட்டு, பொருத்தமான சாக்கெட் இருந்தால் போதும், இழுத்தே நேராக உட்கார வைக்கலாம். கிரீஸ் தண்ணீருக்குக் கரையாத ரகமாக இருக்கட்டும். பிறகு வாட்டர் வாஷ் போகும்போது அந்த இடத்தில் பிரஷர் கன்னை நீட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லி வையுங்கள். சீல் இடுக்கில் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் வெளியே வந்துவிடும்.

கேள்வி: டர்ட் டிராக்குக்காக ஆர்எக்ஸ் 100 தயார் செய்கிறேன். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. கியர் ஆயில் வேறு குறைகிறது.
- வாசகர், சேலம்

பதில்: கியர் ஆயில் குறைகிறது என்று நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். வெளியே சொட்டவில்லை என்றால் அது எரிந்துகொண்டிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஏறும்போது அதற்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் உறிஞ்சும், இறங்கும்போது அழுத்தும். கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் கெட்டிப்பட்டுப்போனால் அந்த உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே போய்ப் புகையாக வெளிவரும். எத்தனை முறை போர் போட்டாலும் இந்தப் புகை போகாது.

கிளட்சுக்கு எதிரே, மேக்னட் இருக்கும் பக்கத்துச் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். அது கெட்டால் புகை வராது, காற்றைத்தான் உறிஞ்சும். பெட்ரோல் கலவை மெலிந்து, ஐடிலில் ஆர்பிஎம் தானாக ஏறும், இன்ஜின் சுடும், நீண்ட நேரம் முழு முறுக்கில் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டில் இதுதான் ஆபத்தானது.

1996-உடன் தயாரிப்பு நின்றுபோன வண்டி. அதனால் பழைய இருப்பு, உறைகூடப் பிரிக்கவில்லை என்று சொல்லிச் சீல் விற்பார்கள். ரப்பருக்கு உறை பிரிக்காத பெருமை எதுவும் கிடையாது, வயதுதான் கணக்கு. சீலின் உள் விளிம்பான உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். வளைந்து திரும்பினால் வாங்கலாம், வெடிப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பொருத்தும்போது ஷாஃப்டின் சாவிப் பள்ளத்தையும் வரிகளையும் செல்லோ டேப்பால் மூடி, உதட்டில் எண்ணெய் தடவி ஏற்றுங்கள். இல்லையென்றால் புதுச் சீல் ஏறும்போதே கிழியும்.

கேள்வி: காப்பர் வாஷர், நைலான் நட்டு, ஸ்பிளிட் பின் இவற்றை மறுபடி பயன்படுத்தலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: காப்பர் வாஷரை நெருப்பில் செக்கச் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும், அவசரத்துக்குப் போடலாம். அலுமினிய வாஷர், ஸ்பிளிட் பின் இரண்டையும் எறிந்துவிடுங்கள். நைலான் நட்டு வெறும் கையால் முழுக்கச் சுற்றினாலே ஏறுகிறது என்றால் அதற்குப் பிடிப்பு இல்லை. அச்சு, ஸ்ப்ராக்கெட், பிரேக் ஆகியவற்றில் எப்போதும் புதிதுதான்.

கேள்வி: சார், என் மகள் கேஎல்எக்ஸ் 110-இல் பயிற்சி எடுக்கிறாள். முன் சக்கரப் பேரிங் மாற்றிச் சில வாரங்களிலேயே மறுபடி கரகரவென்று சத்தம். கடைக்காரர் மண்ணில் ஓட்டினால் அப்படித்தான் என்கிறார்.
- வாசகி, கோவை

பதில்: அம்மா, மண்ணில் ஓட்டினாலும் சில வாரங்களில் போகக் கூடாது. பொருத்தியதில்தான் பிசகு. பேரிங்கைச் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் குழி விழுந்துவிடும். புதுப் பேரிங் அங்கேயே பழசாகிவிடும். இன்னொன்று, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் காலர் உண்டு. அதை விட்டுவிட்டோ குட்டையானதைப் போட்டோ அச்சை இறுக்கினால் இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நசுங்கும். அச்சு நட்டை இறுக்கியதும் சக்கரம் முன்பைவிடக் கனமாகச் சுற்றினால் காலரைச் சந்தேகப்படுங்கள். பிரேக் உரசலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய பேரிங் வளையத்தில் எண் அடித்திருக்கும், அதைப் படித்து வாங்குங்கள். 6202 என்று இருந்தால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இஸட் இஸட் என்றால் தகட்டு மூடி. சேற்றில் ஓடும் வண்டிக்கு ரப்பர் மூடிதான் கேட்க வேண்டும். கூடவே ஹப்பின் வெளி ஆயில் சீலும், அந்தச் சீல் உரசும் ஸ்பேசரும் புதிதாக இருக்கட்டும். ஸ்பேசரில் சீல் உதடு அறுத்த வளையம் தெரிந்தால் புதுச் சீல் போட்டும் தண்ணீர் உள்ளே போகும். குழந்தை ஓட்டும் வண்டி, இந்த வாரமே வேறு கையில் காட்டுங்கள். சரி செய்யும் வரை டிராக்கில் இறக்க வேண்டாம்.

கேள்வி: டிஸ்க் பிரேக்கில் தட்டைக் கவ்வும் காலிப்பரின் ரப்பர்களைப் பெட்ரோலில் கழுவலாமா?
- வாசகர், தருமபுரி

பதில்: கூடவே கூடாது. பெட்ரோல், டீசல், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறிப் பெருத்துவிடும், பிஸ்டன் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே இருக்கும். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரகப் பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள், பெரும்பாலும் டாட் 4. காலிப்பர் நகரும் கம்பிப் பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ். ஏற்கெனவே பெட்ரோலில் கழுவியிருந்தால் துடைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காமல் ரப்பர் கிட் வாங்கிவிடுங்கள்.