ஓரடிப் பலகையில் ஒரு டெல்டா ஸ்டேஷன்

கேள்வி: பேரனுக்கு வெளிநாட்டிலிருந்து ஹெச்.ஓ. அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) பொம்மை ரயில் செட் ஒன்று வந்திருக்கிறது. தரையில் வட்டமாகப் போட்டால் நடக்க வழியில்லை. ஹாலில் ஒன்பதடிச் சுவர் காலியாக இருக்கிறது. ஓரடி அகலப் பலகை அடித்து, அதில் நம் பக்கத்து ஸ்டேஷன் போல அமைக்க முடியுமா? – வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: முடியும். ஆனால் வட்டத்தை மறந்துவிடுங்கள். செட்டோடு வரும் வளைவுத் தண்டவாளத்தில் ரயில் திரும்பி வர ஏறக்குறைய மூன்றடி அகலம் வேண்டும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. சுற்றிச் சுற்றி வரும் ரயிலைப் பேரன் பத்து நிமிஷம் பார்ப்பான், பிறகு டி.வி.க்குப் போய்விடுவான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றிருப்பீர்கள் அல்லவா? சரக்கு ரயில் இன்ஜின் முன்னே போகும், பின்னே வரும், வேகன்களைக் கோக்கும், கழற்றும். திட்டிக்கொண்டே நாமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பலகை ரயிலுக்கு அந்த ஷண்டிங்தான் உயிர்.

இங்கிலாந்தின் மாதிரி ரயில் ஆர்வலர் ஆலன் ரைட் வகுத்த அமைப்பு இதற்குப் பொருத்தமானது. இரண்டு பாயின்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று பாதை. ஒரு பாதையில் ஐந்து வேகன் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் ஒன்றாகச் சேரும் தலைப்பக்கம் இன்ஜினும் மூன்று வேகனும் நிற்க இடம் விட வேண்டும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, அதே வரிசையில் ரயிலைக் கோக்க வேண்டும். இப்படி 6,720 வரிசைகள் வரும். குட்டையான நான்கு சக்கர வேகன்களாக வாங்கினால் ஒன்பதடி தாராளம்.

பலகைக்கு 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட், இரண்டடிக்கு ஓர் இரும்புத் தாங்கி. சுவரை ஒட்டி அடிக்காமல் ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் இறங்கும். கரையான் ஏறினாலும் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும்.

அலங்காரத்துக்கு வருவோம். கடையில் விற்கும் மலையும் குகையும் வேண்டாம். தஞ்சாவூருக்கும் நாகூருக்கும் இடையில் குகை ஏது? டெல்டாவில் ரயில் கரைமேல் போகும், வயல் கீழே கிடக்கும். தண்டவாளத்துக்கு அடியில் மட்டும் ஓர் அங்குலத் தெர்மாகோல் ஒட்டுங்கள். 87-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் அது ஏழடிக் கரை. ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், தெர்மாகோல் கரைந்துவிடும்.

அடுத்து, மாதத்தை முடிவு செய்யுங்கள். ஆடி நாற்றும் தை கதிரும் ஒரே பலகையில் நிற்கக் கூடாது. என்னைக் கேட்டால் தை. முற்றிய நெல்லின் நிறம் சணலுக்கு இயல்பாகவே உண்டு, சாயம் வேண்டாம். கயிற்றைப் பிரித்து, சிறு சிறு கற்றையாக 11 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி, பசையில் தோய்த்து நெருக்கமாக நடுங்கள். வேகனில் மூட்டை ஏறுவதற்கும் அதுதான் பருவம். வாய்க்காலில் தண்ணீர் காட்ட வெள்ளைப் பசையை ஊற்றாதீர்கள்; ஈரம் பட்டால் மறுபடியும் வெளுக்கும். பாசி நிறம் பூசி, மேலே தெளிந்த வார்னிஷை நான்கைந்து தடவை மெல்லியதாக அடித்தால் போதும்.

ஜல்லிக்கு ஆற்று மணலைத் தேடிப் போவீர்கள் என்று தெரியும். டீ வடிகட்டியில் சலித்தெடுத்த பிறகு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை அதில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் தாடி போல ஒட்டிக்கொண்டு வரும். அது இன்ஜின் மோட்டாரின் காந்தத்தில் ஏறினால் இன்ஜின் போச்சு. தூள் வராமல் போகும்வரை காந்தத்தை விடாதீர்கள். மணலைத் தூவி, பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புநீர் ஒரு சொட்டு சேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். பாயின்ட்டில் நகரும் நாக்குப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது.

நம் அகல ரயில்பாதையில் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ.; 87-இல் ஒரு பங்கு என்றால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அதற்கு உங்கள் 16.5 மி.மீ. தண்டவாளம் சற்றுக் குறுகல்தான். அதைக் கண்டுபிடிக்கும் ஆசாமியை வீட்டுக்கு அழைக்காதீர்கள்.

தண்டவாளம் கறுத்தால் உப்புத்தாள் போட வேண்டாம். கீறலில் அழுக்கு குடியேறும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பருத்தித் துணி போதும். மணலும் பசையும் போடுவதற்கு முன்பு வெறும் தண்டவாளத்தில் பத்து நாள் ஷண்டிங் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் எந்த இணைப்பில் நிற்கிறது என்பதைப் பேரனே சொல்லிவிடுவான்.