தொட்டி நிரம்பிவிட்டதா? – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன். வயது 57. என் கணவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மூன்று இடத்தில் அடைப்பு. நல்லபடியாக முடிந்தது. செக்கப்பிலும் டாக்டர் திருப்தியாகத்தான் சொன்னார். பிரச்னை அவரிடம் இல்லை, என்னிடம்.

கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன பூஜை மணி வைத்திருக்கிறேன். நெஞ்சில் தையலோடு கத்திக் கூப்பிட வேண்டாமே என்று நான்தான் வைத்தேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே எரிகிறது. ஃபேனைக் குறை, தலையணையை நகர்த்து, கஞ்சியில் உப்பே இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னபோது அவரும்தான் பக்கத்தில் இருந்தார். போன வாரம் மணி அடித்தபோது காதில் விழாத மாதிரி சமையலறையிலேயே நின்றேன். இரண்டாவது தடவை அடித்த பிறகுதான் போனேன். அன்று ராத்திரி பூராவும் தூக்கம் இல்லை. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுஷரிடம் இப்படி நடந்துகொண்டேனே?

டென்ஷன் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வீட்டு விஷயம் எதையும் அவரிடம் சொல்வதில்லை. பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னால் லீவு போட்டுக் கிளம்பி வந்துவிடுவான். பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியைக் கையில் கொடுத்து, "நல்லா பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம் மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கிறேன் என்று மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வருகிறேன்.

அவரும் உங்கள் தளத்தைப் படிப்பவர். பெயர் போட வேண்டாம். நான் கெட்டவளா சார்?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. ஐந்து வாரத்தில் அந்த மணி எத்தனை நூறு தடவை அடித்திருக்கும்? அதில் ஒரே ஒரு தடவையைக் கணக்கு வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மணி விஷயத்தை அல்ல, தொட்டி விஷயத்தை.

2019 ஜூனில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு வாரம் எடை தூக்கக்கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தொடுவதற்குக் குடத்தில் தண்ணீர் இருந்தால்தானே? சென்னையின் ஏரிகள் எல்லாம் வற்றிப்போன கோடை அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயில்வேக்காரரான உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பின் போர் வெறும் காற்றைத்தான் இறைத்தது. ராத்திரி பதினொரு மணிக்கு லாரி வரும், அல்லது வராது. வந்தால் இரண்டு மாடி ஏறிக் குடம் தூக்க வேண்டும். (உங்களுக்காவது அழுவதற்கு ஒரு தொட்டி இருக்கிறது. அந்த ஜூனில் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் வீடே சிரித்திருக்கும்.)

ஒரு ராத்திரி ஆறாவது குடத்தோடு மூச்சு வாங்க உள்ளே வருகிறேன். கட்டிலில் படுத்தபடி அவள் கேட்டாள்: "வடிகட்டித்தானே ஊத்துறீங்க?"

குடத்தை நங்கென்று தரையில் வைத்தேன். பிளாஸ்டிக் குடம், அடியில் விரிசல் விட்டது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் ஹாலில் ஓடியது. ஒரு வார்த்தை பேசாமல் பழைய வேட்டியைப் போட்டு ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்தேன். அதையும் வீணாக்கவில்லை, டாய்லெட்டுக்கு வைத்துக்கொண்டோம் என்பது வேறு விஷயம்.

பிழிந்துகொண்டிருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. லாரிக்காரன் பண்ணிய அநியாயம், வரிசையில் நடுவே நுழைந்த கீழ்வீட்டுக்காரர், இடுப்பு வலி. இதையெல்லாம் வழக்கமாக நான் யாரிடம் சொல்வேன்? இவளிடம்தான். ஆபீசில் யார் என்ன சொன்னாலும் சாயங்காலக் காபியோடு அது இவள் காதுக்கு வந்துவிடும். இருபத்தாறு வருடப் பழக்கம். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து, சொன்னால் எழுந்து வந்து குடத்தைத் தூக்கிவிடுவாளோ என்று பயந்து நான் வாயையே திறக்கவில்லை. புலம்புவதற்கு இருந்த ஒரே ஆளை நோயாளி என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். அப்புறம் குடத்தைத்தான் உடைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்குத் தையல் வயித்துலதான் போட்டிருக்காங்க, காதுல இல்ல" என்றாள். லாரி முதலில் பின் தெருவில் பால் பூத் பக்கம்தான் நிற்கும், அங்கே போய் நில்லுங்கள் என்று ஒரு யோசனையும் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா போனில் சொன்னாளாம். படுத்த இடத்திலிருந்தே அவளுக்கு ஊர்ச் சேதி எல்லாம் வந்துகொண்டிருந்தது, புருஷனிடமிருந்து மட்டும் வரவில்லை.

டென்ஷன் கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான். அதற்காகச் சொத்துத் தகராறையோ கடன் கணக்கையோ இப்போது எடுக்க வேண்டாம். ஆனால் பால் பொங்கி வழிந்ததையும் வேலைக்காரம்மா மூன்று நாளாக வராததையும்கூட மறைத்தால், அந்த வீட்டில் அவர் யார்? ஐந்து வாரமாக அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மணி அடித்தால் நீங்கள் வருவீர்கள். ஃபேனுக்காக எத்தனை தடவை அடிக்கிறார், நீங்கள் வர வேண்டும் என்பதற்காக எத்தனை தடவை அடிக்கிறார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்களால் முடியும்.

கஞ்சி விஷயத்தில் அவரையும் கொஞ்சம் மன்னிக்கலாம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் வாய்க்கு ருசி சரியாகத் தெரியாது, பசியும் இருக்காது. நடு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது கூடிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். பைபாஸ் ஆனவர்களுக்கு முதல் சில வாரங்களில் எரிச்சல், காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை எல்லாம் சகஜம், பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். ஆனால் எதிலும் பிடிப்பில்லாத சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அடுத்த செக்கப்பில் அதையும் சொல்ல வேண்டும். காலில் வீக்கம் என்று சொல்வோம், மனதில் என்று சொல்லத்தான் வெட்கப்படுகிறோம். அந்த இரண்டு வாரக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். 2022இல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி சேவை இருக்கிறது, எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். மாடியிலிருந்தே கூப்பிடலாம்.

அப்புறம் அந்த மணி. அதை பூஜை அறைக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. ஐந்து வாரம் ஆனவர் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அவருடைய வேலைகளை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுங்கள். வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்து வைத்து நோட்டில் டிக் போடுவது, பி.பி. பார்த்து எழுதுவது. ரயில் பெட்டி கட்டும் இடத்தில் வேலை பார்த்தவருக்கு இது ஒரு பெரிய விஷயமா? மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த அந்த பிளாஸ்டிக் கருவியும் கொடுத்திருப்பார்களே, ஊதுவது என்று எல்லோரும் சொல்லிவிட்டு உறிஞ்ச வேண்டிய கருவி. இன்னும் செய்யச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கும் அவருடையது. நீங்கள் பக்கத்தில் நின்று எண்ண வேண்டாம். நடக்கச் சொல்லியிருந்தால் மேம்பாலத்தடிப் பூங்காவுக்கு ஆட்டோவில் போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்து யாரையாவது பற்றி வம்பு பேசிவிட்டு வாருங்கள். கனமாக எதையும் அவர் தூக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் லீவு போட்டுக்கொண்டு வந்துவிடுவான் என்கிறீர்கள். வரட்டுமே. நான்கு நாள் அவன் கஞ்சி காய்ச்சட்டும், நீங்கள் தங்கை வீட்டிலோ எங்கேயோ ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் அவர் இதைப் படித்தால் தொட்டியை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. அந்த வரியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒற்றை வார்த்தையில் வந்தது: "இருக்கட்டும்."